சாங்பேயைக் கூப்பிட்டவர்கள்

பியோ இயக்குநரை வந்த அன்றைக்கே எனக்குப் பிடிக்கவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கியவர் மீன் சந்தை வாசலில் காயப்போட்டிருந்த நெத்திலியை ஒரு கை அள்ளி, மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டார். "அசல்!" என்றார். "இதுதான் அசல் வாசனை!" பிறகு அள்ளியதை அப்படியே திரும்பப் போட்டுவிட்டு, தன் மாணவி ஒருத்தியின் கைக்குட்டையை வாங்கிக் கையைத் துடைத்துக்கொண்டார். கைக்குட்டையை அவளிடமே நீட்டினார். நெத்திலி விற்கிற யோங்ஜா என்னைப் பார்த்தாள். நான் எதிரே என் சலூன் வாசலில் துண்டு உலர்த்திக்கொண்டிருந்தேன். ஆள் யாரென்று எங்கள் இரண்டு பேருக்கும் அந்த நிமிஷமே புரிந்துவிட்டது.

அவர் எங்கள் ஊரான சோல்போவுக்கு வந்தது மேங் இன்சூவின் பெயரைச் சொல்லிக்கொண்டு. மேங் இன்சூ எங்கள் ஊர்க்காரர், நாடகம் எழுதிப் பெரிய ஆளானவர். வாலிபத்தில் சியோலுக்கு ரயில் ஏறியவர் சாம்பலாகத்தான் திரும்பி வந்தார். எழுதியதெல்லாம் எங்கள் ஊரைப் பற்றித்தான். ஆனால் இங்கே இருந்தவரை ஒரு நாளாவது வலையைத் தொட்டிருப்பாரா என்று கேட்டால் பெரியவர்கள் சிரிப்பார்கள். துறைமுகத்தில் அவருக்கு ஒரு சிலை உண்டு. அதன் தலையில் கடற்காக்கைகள் என்ன செய்கின்றன என்று நான் சொல்லத் தேவையில்லை. மூடிக் கிடந்த ஆரம்பப் பள்ளியைத் திறந்து, பெயின்ட் அடித்து, நடிப்புப் பட்டறை என்று பலகை மாட்டினார்கள். மேங் பிறந்த மண்ணிலேயே தங்கி, மேங் சுவாசித்த காற்றையே சுவாசித்து நடிப்புக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். ஆண்கள் வகுப்பறைகளில் படுத்துக்கொண்டார்கள். பெண்களை ஊர் வீடுகளில் ஆளுக்கொருவராகத் தங்கவைத்தார்கள்.

ஊர்ப் பெண்கள் நாலைந்து பேரும் நாடகத்தில் வேண்டும் என்று இயக்குநர் கேட்டார். ஒப்பாரி வைக்க. ஊர்த் தலைவர் என் கடைக்கு வந்து காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். சரி, வேடிக்கைதானே என்று நானும் யோங்ஜாவும் போனோம். இறால் உரிக்கிற கையோடு இன்னும் மூன்று பேர் வந்தார்கள். பள்ளி மைதானத்தில் எங்களை வரிசையாக நிற்கவைத்து, அந்த மனிதர் எங்களுக்கு அழக் கற்றுக்கொடுத்தார்.

"வயித்திலேருந்து வரணும்மா! உங்களுக்குத் தொண்டையிலேருந்துதான் வருது."

"சார், பொணம் எங்க இருக்கு?" என்று யோங்ஜா கேட்டாள்.

"பொணம் இல்லம்மா. கற்பனை பண்ணிக்கங்க."

"யாரைக் கற்பனை பண்ணிக்கறது? உங்களையா?"

நாங்கள் சிரித்த சிரிப்பு படகுத்துறை வரை கேட்டிருக்கும். அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு, "பாத்தீங்களா, இந்த எகத்தாளம்! இது அசல்!" என்று தன் மாணவர்கள் பக்கம் திரும்பினார். அவர்களும் தலையாட்டினார்கள். நாம் வைததைக்கூட வாயில் போட்டுச் சப்பிப் பார்க்கிற ஆளை என்ன செய்வது?

அவர்கள் போடவிருந்தது மேங்கின் கடைசி நாடகம். அதில் உயிரைக் கூப்பிடும் கட்டம் ஒன்று வரும். படகோட்டியின் மனைவி, செத்துப்போன கணவனின் மேல்சட்டையோடு கூரையில் ஏறி வடக்கே பார்த்து நிற்பாள். அவன் ஊரையும் பெயரையும் சொல்லி, "திரும்பி வா" என்று மூன்று முறை கூப்பிடுவாள். இது மேங் கண்டுபிடித்தது இல்லை. எங்கள் வழக்கம்தான். இப்போதெல்லாம் எல்லோரும் ஆஸ்பத்திரியில் சாவதால் கூரை ஏறுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். கடலில் போனவர்களுக்கு மட்டும் சோல்போவில் இன்னும் கூப்பிடுகிறோம். மூன்றாவது அழைப்புக்கும் உயிர் திரும்பவில்லை என்றால் ஆள் செத்தாகிவிட்டது. சட்டையைக் கீழே எறிந்த பிறகுதான் "ஐகோ, ஐகோ" என்று வாய்விட்டு அழலாம். அதற்கு முன்னால் அழுவது தப்பு. கூப்பிடும்போது கீழே நிற்கிறவர்கள் இருமக்கூட மாட்டார்கள். ஒரு குரல் வருமானால் அது போனவனின் குரலாக இருக்க வேண்டும், அதற்காகத்தான் அந்த அமைதி.

என் அக்கா மல்சூன் தன் மகன் சாங்பேக்கு இதைச் செய்யவே விடவில்லை.

மூன்று குளிர்காலத்துக்கு முன்னால் சாங்பே நண்டுப் படகில் போனான். படகு கவிழ்ந்தது. கூடப் போனவர்களின் உடல்கள் ஒவ்வொன்றாகக் கரைக்கு வந்தன. அவன் மட்டும் வரவில்லை. மற்ற வீடுகளில் கூரை ஏறிக் கூப்பிட்டார்கள், அழுதார்கள், முடித்தார்கள். அக்கா வீட்டிலும் ஏணியைக் கொண்டுவந்து சாத்தினார்கள். அக்கா அந்த ஏணியைத் தானே தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டில் போட்டுவிட்டு வந்தாள். "கூப்பிட்டாத்தானே செத்தவன்? யாரும் கூப்பிடாத வரைக்கும் என் பையன் எங்கயோ இருக்கான்," என்றாள்.

அவன் இருக்கிறான் என்று நான் நம்பவில்லை. ஊரில் ஒருவரும் நம்பவில்லை. ஆனால் ஊரே சேர்ந்து அந்த ஒன்றைக் காப்பாற்றிக் கொடுத்தது. "சாங்பே வந்தா சொல்லு" என்றுதான் பேசுவார்கள். 'இருந்தான்' என்று அவனைப் பற்றி யார் வாயிலும் வராது, குடித்துவிட்டுத் தெருவில் உருள்கிறவன் வாயில்கூட வராது. அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டுதான் அக்கா சோறு தின்றாள், கிம்ச்சி ஊறுகாய் போட்டாள், என்னோடு சண்டை பிடித்தாள். அது அறுந்தால் அவளிடம் வேறு எதுவும் கிடையாது. அதனால் அது அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்வதை நான் என் வேலையாகவே எடுத்துக்கொண்டிருந்தேன்.

படகோட்டியின் மனைவியாக நடிக்க இருந்தவள் ஹேரிம். முப்பது வயது இருக்கும், நல்ல குரல், மெலிந்த முகம். அவளைத் தங்கவைத்தது அக்கா வீட்டில். வீட்டில் ஒரு பேச்சுத் துணை இருக்கட்டுமே என்று நான்தான் சொன்னேன். அக்கா அவளுக்குத் தன் அறையைக் கொடுத்துவிட்டு அடுக்களை ஓரத்தில் படுத்துக்கொண்டாள். அவள் அக்காவை "அம்மா, அம்மா" என்று சுற்றி வந்தாள். வைத்ததையெல்லாம் சாப்பிட்டாள். அக்கா சமைத்ததை அப்படி ஒருவர் சாப்பிட்டு நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. வசந்தம் என்று பெயர்தான், எங்கள் கடற்காற்று எலும்பைத் துளைக்கும். ஒரு நாள் அவள் நடுங்குவதைப் பார்த்த அக்கா அலமாரியைத் திறந்து சாங்பேயின் நீல நிறப் பஞ்சு ஜாக்கெட்டை எடுத்துக் கொடுத்தாள்.

"போட்டுக்க. ஆனா அவன் வந்தா திட்டுவான். அதுக்குள்ள எங்கிட்ட குடுத்துடு."

ஹேரிம் ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் கண்ணாலேயே 'பேசாதே' என்றேன். அவள் புரிந்ததாகத் தலையாட்டினாள். அன்றைக்கு அவளை எனக்குப் பிடித்திருந்தது என்பதை நினைத்தால் இப்போது எரிச்சலாக இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து இயக்குநர் என் கடைக்கு வந்தார். நரைத்த முடியை நீளமாக வளர்த்துப் பின்னால் கட்டியிருந்தார். கறுப்புச் சாயம் அடிக்க வேண்டுமாம். வாய்க்கு வாய் அசல் என்கிற மனிதருக்குத் தலைக்கு மட்டும் சாயம் வேண்டியிருந்தது. உட்காரவைத்துத் துணியைப் போர்த்தினேன். தூரிகை தலையில் பட்டதும் ஆரம்பித்தார்.

"உங்க அக்கா பையனைப் பத்தி ஹேரிம் சொன்னா. மூணு வருஷமா கூப்பிடாமயே வச்சிருக்காங்களாமே! மேங்குக்குக்கூட இது தோணலையே. என்ன ஒரு கதை!"

"சார், அது கதை இல்ல."

"அதைத்தான் நானும் சொல்றேன். கதை இல்ல. அதான் அதோட பலமே."

நான் தூரிகையைக் கிண்ணத்தில் வைத்தேன். கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். "டைரக்டர் சார், ஒரு விஷயம் நல்லாக் கேட்டுக்கங்க. அந்தப் பேச்சு எங்கக்கா காதுல விழக் கூடாது. உங்க நாடகத்துக்குள்ளயும் வரக் கூடாது. சாங்பே பேரை எவளாவது கூரை மேல நின்னு கூப்பிட்டான்னு வைங்க, எங்கக்கா அன்னைக்கே முடிஞ்சா. புரியுதா?"

அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "சலூன் அக்கா, நான் என்ன கல்லா? எனக்கும் ஒரு அம்மா இருந்தாங்க." கண்ணை மூடினார். உடனே ஒரு சொட்டுக் கண்ணீர் வந்தது. அவ்வளவு சீக்கிரம் கண்ணீர் வருகிற ஆம்பிளையை நான் பார்த்ததே இல்லை. அது கன்னத்தில் இறங்கி, காதோரச் சாயத்தில் கலந்து கறுப்பாகக் கழுத்துக்குப் போயிற்று. "நாடகத்துல வர்ற பேரு தோல்சே. அவ தோல்சேன்னுதான் கூப்பிடுவா. உங்க பையனை மனசுக்குள்ள வச்சுக்கிட்டுக் கூப்பிடுவா, அவ்வளவுதான். நடிகைன்னா உள்ளுக்குள்ள ஏதாவது வேணும்ல?"

அந்தக் கறுப்புக் கண்ணீரை நான்தான் துடைக்க வேண்டியிருந்தது. அவர் போனதும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன், அப்படியும் அருவருப்புப் போகவில்லை. சாயங்காலம் ஹேரிமைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "சத்தியமா இல்லக்கா. அம்மாவுக்கு நான் அப்படிப் பண்ணுவேனா?" என்றாள். ஒத்திகைகளிலும் தோல்சே என்றுதான் கூப்பிட்டாள். கடைசி ஒத்திகை வரைக்கும் அப்படியே இருந்ததால் நானும் விட்டுவிட்டேன்.

நாடகத்துக்கு வராதே என்று அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன்.

"ஏன்டி? எங்க வீட்டுப் பொண்ணு நடிக்குது, நான் போகாம எப்படி?"

"சாவு வர்ற நாடகம்க்கா."

"எவனோ தோல்சே சாகறான், எனக்கென்ன? நீ அழறதைப் பாத்துச் சிரிக்கவாவது வரேன்."

எல்லோருக்கும் சேர்த்துக் கடற்பாசித் தாளில் சோற்றை வைத்துக் கிம்பாப் சுருட்டி, இரண்டு அடுக்கு டப்பாவில் அடைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

கடைசி நாள் சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே ஆரம்பித்தார்கள். சியோலிலிருந்தும் குவாங்ஜூவிலிருந்தும் வந்தவர்கள் கறுப்புக் கோட்டும் கழுத்துத் துணியுமாக மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஊர்க்காரர்களுக்குப் பாய். அக்காவை மட்டும் இயக்குநரே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் முதல் வரிசை நாற்காலியில் உட்காரவைத்தார். அப்போதே எனக்குச் சுருக்கென்றது. நான் அழுகைக்காரிகளோடு எதிர்ப்பக்கச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். அங்கிருந்து கத்தவும் முடியாது, ஓடவும் முடியாது.

நாடகம் எப்படி இருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். நான் பார்த்ததெல்லாம் ஹேரிமை மட்டும்தான். பள்ளியின் பழைய சாமான் கொட்டகைமேல் ஏணி வைத்து ஏறினாள். சாங்பேயின் ஜாக்கெட்டைப் போட்டிருந்தாள். குளிருக்குப் போட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். கூரைமேல் நின்று அதைக் கழற்றினாள். கழுத்துப்பட்டையை ஒரு கையிலும் கீழோரத்தை மறு கையிலும் பிடித்தாள். வடக்கே திரும்பினாள்.

"சோல்போ, கீழ்த்துறை, கூ சாங்பே! திரும்பி வா!"

என் பக்கத்தில் யோங்ஜா என் கையை இறுகப் பற்றினாள். ஊர்க்காரர்கள் ஒருவரும் அசையவில்லை. அக்காவின் பக்கத்தில் இயக்குநர் முஷ்டியை வாயில் வைத்துக்கொண்டு, மேலே பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்ப்பதற்காகத்தான் முன்னால் உட்காரவைத்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாவி, இதற்குத்தானா கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாய்!

"சோல்போ, கீழ்த்துறை, கூ சாங்பே! திரும்பி வா!"

நான் சுவரோரத்தை விட்டு ஓடினேன். மேடை, விளக்கு, கம்பி எதையும் பார்க்கவில்லை. அக்காவிடம் போவதா, ஏணியில் ஏறுவதா என்று தெரியாமல் நடுவில் ஒரு கணம் நின்றுவிட்டேன். அக்கா அழவில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கடல் பக்கம் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் ஏணியைப் பார்த்து ஓடினேன்.

"சோல்போ, கீழ்த்துறை, கூ சாங்பே! திரும்பி வா!"

"ஓய்! இதோ இருக்கேன்! ஏன் கத்தற?"

அக்கா எழுந்து நின்றிருந்தாள். குரல் அவளுடையதுதான், ஆனால் பேச்சு சாங்பேயுடையது. தெருவில் நின்று யார் கூப்பிட்டாலும் வீட்டுக்குள்ளிருந்து அவன் அப்படித்தான் பதில் கொடுப்பான்.

நாற்காலிகளில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். எழுந்து நின்று தட்டினார்கள். இதுவும் நாடகத்தில் வருவது என்று நினைத்துவிட்டார்கள். பாயில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் ஏணியில் ஏறி ஹேரிமின் கையிலிருந்து ஜாக்கெட்டைப் பிடுங்கினேன். அவள் கூரையிலேயே குந்தி உட்கார்ந்து விம்மினாள்.

"சார் கடைசி நிமிஷத்துலதான் சொன்னாருக்கா... தோல்சேன்னா உயிரே இல்லன்னாரு... முடியாதுன்னு சொன்னா வேற ஆளை ஏத்தறேன்னாரு..."

"ஏத்தட்டுமே! வேற எவளாவது எங்கக்கா கையால சாப்பிட்டாளா?"

அவளுக்குக் கண்ணீர்தான் வந்தது. அழகான கண்ணீர். அடுத்த தடவை சியோல் மேடையில் அழ வேண்டியிருந்தால் இதையேதான் எடுத்து அழப்போகிறாள் என்று எனக்குத் தோன்றியது. அதற்குமேல் அவள் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் இறங்கிவிட்டேன்.

கீழே இயக்குநர் அக்காவைக் கட்டிக்கொண்டிருந்தார். "அம்மா! முப்பது வருஷமா இந்த ஒரு நொடிக்காகத்தான் காத்திருந்தேன்! இதை சியோலுக்குக் கொண்டுபோகணும்மா. நீங்க வரணும். இதே மாதிரி, முதல் வரிசையில உக்காந்து..." கண்ணீர் தாரையாக ஓடிக்கொண்டிருந்தது. என் கடைச் சாயம் நன்றாகப் பிடித்திருந்தது, அதனால் இப்போது கறுப்பு இறங்கவில்லை.

அக்கா அவர் கைகளை மெதுவாக விலக்கினாள். "சாப்பிட்டீங்களா? கிம்பாப் கொண்டாந்திருக்கேன்," என்றாள். எங்கள் ஊரில் வாயில் வேறு வார்த்தை வராதபோது அதைத்தான் கேட்போம்.

வேறு யாராவது இருந்தால் தலையைக் குனிந்துகொண்டு போயிருப்பார்கள். அந்த ஆள் டப்பாவைத் திறந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். அழுதுகொண்டே மென்றார். "அசல்," என்றார், வாய் நிறையச் சோற்றோடு.

நான் அவர் செருப்பின்மேல் துப்பினேன். பக்கத்திலிருந்த கறுப்புக் கோட்டுக்காரர்கள் இரண்டடி பின்னால் போனார்கள். அவர் செருப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். பட்டிருந்தால் கொஞ்சமாவது மதித்திருப்பேன். "பாருங்க," என்றார் அவர்களிடம், "இந்தக் கோபத்தைப் பாருங்க!" யோங்ஜா என்னைப் பிடித்து இழுத்திராவிட்டால் அந்த டப்பாவாலேயே அவர் மண்டையைப் பிளந்திருப்பேன்.

அக்காவும் நானும் துறைமுகச் சாலை வழியே நடந்தோம். இன்னும் முழுசாக இருட்டவில்லை. அவள் சாதாரணமாகத்தான் நடந்தாள். எனக்குத்தான் வாய் நிற்கவில்லை.

"அவனையெல்லாம் ஊருக்குள்ள விட்டதே தப்பு. நாளைக்கே தலைவர்கிட்டப் பேசி அந்தப் பள்ளிக்கூடத்தைப் பூட்டவைக்கறேன். நீ கவலைப்படாதக்கா. பதில் வந்துடுச்சுல்ல? பதில் வந்தா அந்தக் கூப்பாடு செல்லாது. யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லுவாங்க. நீ நல்ல வேலை பண்ணின."

"பதில் வந்துச்சு," என்றாள் அக்கா. "யாரு சொன்னா?"

"நீதான்."

"நான்தான்." கடல் பக்கம் பார்த்தாள். "அந்தப் பொண்ணுக்கு நல்ல குரல். கடல் வரைக்கும் கேட்டிருக்கும். முதல் தடவை கூப்பிட்டப்ப சொல்லுவான்னு பாத்தேன். ரெண்டாவது தடவையும் பாத்தேன். மூணாவதுக்கும் சத்தத்தைக் காணோம். அவ்வளவு பேர் முன்னாடி என் பிள்ளையைக் கூப்பிட்டு, ஒருத்தரும் பதில் சொல்லாம நிக்கறதைத் தாங்க முடியல. அதான் நான் சொன்னேன். நான்தானே சொன்னேன், ஒக்பூன்."

ஜாக்கெட்டை அவள் தோளில் போட்டுவிட்டேன். அவள் அதைத் தடுக்கவில்லை.

"வருஷா வருஷம் சடங்கு செய்யணும்னா நாள் வேணுமே," என்றாள். "எந்த நாளை வச்சுக்கறது?"

மூன்று வருடமாக அந்த வார்த்தை வரவிடாமல் காத்த வாய் அது. "இப்ப எதுக்குக்கா அதெல்லாம்? அப்படியே செய்யறதா இருந்தாலும், செத்த நாள் தெரியாதவங்களுக்குன்னு ஒன்பதாம் மாசம் ஒன்பதாம் நாள் இருக்கு. இல்ல, அவன் படகுல போன நாள் இருக்கு."

"தெரியாதவங்களுக்குத்தானே அது? எனக்குத்தான் தெரியுமே. போன நாள்லயும் இருந்தான். நேத்து வரைக்கும் இருந்தான். இன்னைக்குத்தான் போனான்."

பட்டறை முடிந்த அந்த நாள்தான் இப்போது என் அக்கா மகன் இறந்த நாள். வருடா வருடம் அன்றைக்கு நான் கடையைப் பூட்டிவிட்டு அக்கா வீட்டுக்குப் போய்ச் சாங்பேக்குச் சோறு படைக்கிறேன், குனிந்து வணங்குகிறேன். எந்த நாள் என்று யாராவது கேட்டால், பியோ இயக்குநர் நாடகம் போட்ட நாள் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.